புறப்பட்ட ஒரு நிமிடத்தில் விழும் சின்ன விமானம்: ஓடுபாதை பின்னாலேயே இருந்தும் ஏன் திரும்ப முடிவதில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரு சின்னத் தனியார் விமானம் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிட்டது. பார்த்தவர்கள், "எஞ்சின் சத்தம் குறைந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மூக்குக் குத்தி விழுந்தது" என்கிறார்கள். ஓடுபாதை பின்னாலேயே இருந்ததே, ஏன் திரும்பி இறங்கவில்லை? எஞ்சின் கோளாறா, விமானியின் தவறா? அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கேட்டவர் விரைவில் நண்பருடைய நான்கு இருக்கை விமானத்தில் ஏறப் போகிறாராம். ஏறலாமா என்ற பயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. குறிப்பிட்ட ஒரு விபத்துக்கு இதுதான் காரணம் என்று செய்தியை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன். இறந்தவர்களின் குடும்பம் அந்தச் சமயத்தில் இணையத்தில் எதையெல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தவன் நான். ஆனால் சத்தம் குறைவது, சாய்வது, மூக்குக் குத்துவது என்ற மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்பது விமானிகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதை விளக்கலாம்.

எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. பயிற்சிக்கு உலகமெங்கும் பயன்படும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இல்லாமலும் அது ஒரு அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னால் சறுக்கிப் போகும். இறக்கை தூக்குவதற்கு எஞ்சின் தேவையில்லை. காற்று அதன் மேல் போதிய வேகத்தில் ஓடினால் போதும். எஞ்சின் ஓடாதபோது அந்த வேகத்தைக் கொடுப்பது உயரம். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டே போகலாம். 5,000 அடியில் எஞ்சின் நின்றால் விமானிக்கு ஐந்தாறு நிமிடம் கையில் இருக்கும். வயல் தேடலாம், பெட்ரோல் வால்வைப் பார்க்கலாம், எஞ்சினை மறுபடி கிளப்பிப் பார்க்கலாம், கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் பேசலாம். 400 அடியில் நின்றால் கையில் இருப்பது முப்பது விநாடி. அந்த முப்பதில் முதல் மூன்று நான்கு விநாடி, நடந்ததை நம்புவதற்கே போய்விடும்.

அந்த மூன்று நான்கு விநாடிக்கு ஒரு விலை உண்டு. விமானம் அப்போது ஏறிக்கொண்டிருக்கிறது, மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கிறது. முழுச் சக்தியில் ஏறும் விமானத்திலிருந்து அந்தச் சக்தி திடீரென்று போனால் வேகம் விநாடிக்குப் பல நாட் என்று இறங்கும் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). உடனே கன்ட்ரோலை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். சொல்ல எளிது. அந்த நேரத்தில் கண்ணாடி முழுவதும் தரை நிறைந்துவிடும். தரை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அதை நோக்கியே தள்ளு என்பதற்கு உடம்பு இணங்காது. பின்னால் இழுக்கத்தான் கை போகும். பயிற்சியின்போது நல்ல உயரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சினைக் குறைத்துப் பார்ப்போம். அனுபவமுள்ளவர்களே ஒரு கணம் அப்படியே உறைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இழுத்தால் என்ன ஆகும்? இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடிக்கொண்டே போகும். ஏறக்குறைய 16, 17 டிகிரியைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும், தூக்கும் விசை சட்டென்று குறையும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். மோட்டார் வண்டியில் எஞ்சின் அணைந்து நிற்பதையும் அதே பெயரால் சொல்வதால், "விமானம் ஸ்டால் ஆனது" என்று செய்தியில் வந்ததும் எஞ்சின் நின்றதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எஞ்சின் முழுச் சக்தியில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இறக்கை ஸ்டால் ஆகும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: ஏன் திரும்பவில்லை?

பெரும்பாலும் திரும்பத்தான் முயன்றிருப்பார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று பார்த்தவர் சொல்வது அதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செஸ்னா 172 சுமார் 75 நாட் வேகத்தில், நிமிடத்துக்கு 700 அடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஒரு அடி உயர கிட்டத்தட்ட பதினோரு அடி முன்னால் போகிறது. திரும்பி வரும்போதோ, ஒரு அடி இறங்கினால் ஒன்பது அடிதான் முன்னால் போக முடியும். ஆக, காற்றே இல்லாத நாளில், உயரம் கொஞ்சமும் குறையாமல் அந்தரத்தில் அப்படியே திரும்பிவிடலாம் என்றாலும்கூட, தரையை விட்டு எழும்பிய இடத்துக்கு வந்து சேர முடியாது. மீதமிருக்கும் ஓடுபாதையின் நீளம்தான் ஒரே ஆதரவு.

திரும்புவதற்கும் உயரம் செலவாகும். 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதைக்கு இணையாகத்தான் வந்து நிற்போம், அதன் மேல் அல்ல. இறக்கையை 30 டிகிரி சாய்த்து 70 நாட் வேகத்தில் வட்டமடித்தால் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 450 மீட்டர். அந்தப் பக்கவாட்டுத் தூரத்தை மூட 180-ஐத் தாண்டி இன்னும் திரும்ப வேண்டும், பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். மொத்தம் 240 டிகிரிக்கு மேல். விநாடிக்கு ஒன்பது டிகிரி வீதம் 27 விநாடி. சாய்ந்து சறுக்கும்போது நிமிடத்துக்கு 900 அடிக்கு மேல் இறங்கும். ஆக, திரும்புவதற்கு மட்டுமே 400 அடிக்கு மேல் போய்விடும். திகைத்து நின்ற விநாடிகளையும் சேர்த்தால் 500 அடி கணக்கு முடிந்தது. ஓடுபாதை வரை சறுக்க ஒன்றும் மிச்சமில்லை.

சரி, இன்னும் செங்குத்தாகச் சாய்த்துச் சீக்கிரம் திரும்பினால்? 45 டிகிரி சாய்த்தால் அந்த 27 விநாடி சுமார் 16 ஆகும், வட்டமும் சுருங்கும். ஆனால் இறக்கை அப்போது விமானத்தின் எடையைப் போல 1.41 மடங்கைத் தாங்க வேண்டும். ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் கூடிவிடும். நேராகப் பறக்கும்போது 48 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம் இப்போது 57-லேயே ஸ்டால் ஆகும். 60 டிகிரி சாய்த்தால் 68 நாட். எஞ்சின் இல்லாமல் சறுக்க உகந்த வேகமும் ஏறக்குறைய அதே 68 நாட்தான். அதாவது கையிருப்பாக ஒரு நாட்கூட இல்லை.

இதோடு கண்ணும் ஏமாற்றும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் புறப்படும். திரும்பினால் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். தரை வேகமாக நகர்வது போலத் தெரியும். தாழ்வான உயரத்தில் அது இன்னும் அதிகமாகத் தெரியும். "வேகமாகத்தானே போகிறோம்" என்று மனசு நம்பி, மூக்கைக் கொஞ்சம் மேலே இழுக்கும். ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவோம் போலிருக்கிறதே என்று வாலில் நின்று மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டரைக் காலால் இன்னும் அழுத்தினால், உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழும். அதுதான் ஸ்பின். செஸ்னா 172 கையேடு, ஒரு சுற்று சுழன்று மீள்வதற்கே குறைந்தது 1,000 அடி ஒதுக்கச் சொல்கிறது. 300 அடியில் சுழல ஆரம்பித்த விமானத்தை உலகத்தின் மிகச் சிறந்த விமானியாலும் மீட்க முடியாது.

"பார்த்தவர் சொன்னபடி மூக்குக் குத்தி விழுந்தது" என்பதன் பொருள் இதுதான். எஞ்சின் நின்றதால் மூக்குக் குத்தவில்லை. இறக்கை ஸ்டால் ஆனதால் குத்தியது.

எஞ்சின் முழுவதும் நின்றுவிடுவதை விட, பாதி சக்தியோடு ஓடுவது ஆபத்தானது என்பது இதில் பலர் எதிர்பார்க்காத செய்தி. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 முதல் 2010 வரை அந்நாட்டில் ஒற்றை எஞ்சின் விமானங்களில் நடந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தது. புறப்பட்டபின் எஞ்சின் முழுதாக நின்ற எந்த நிகழ்விலும் உயிர் போகவில்லை. ஓரளவு சக்தி குறைந்த நிகழ்வுகளில் உயிரிழப்புடன் முடிந்தவை ஒன்பது. சக்தி குறைவது முழுதாக நிற்பதை விட மூன்று மடங்கு அதிகம் நிகழ்வதாகவும் அந்த அறிக்கை சொன்னது. ஏன் இப்படி என்பது எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு உடனே புரியும். முழுதாக நின்றுவிட்டால் முடிவு தெளிவு: இறங்கியாக வேண்டும். உதறிக்கொண்டும் இருமிக்கொண்டும் ஓடினால், "ஒரு சுற்று வந்துவிடலாம்" என்ற நம்பிக்கை பிறக்கும். அந்த நம்பிக்கையில் மூக்கை மேலேயே வைத்துக்கொண்டு, வேகம் கரையக் கரைய, மெல்லத் திரும்பப் பார்ப்பார்கள். மிச்சமிருந்த சக்தியும் திரும்பும் நடுவில் போய்விட்டால் அவ்வளவுதான்.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்களா? பெரும்பாலான சமயம், முன்னால் தெரிவதில் இருப்பதற்குள் நல்ல இடமாகப் பார்த்து, இடமும் வலமும் ஒரு 30 டிகிரிக்குள், இறக்கையைச் சமமாக வைத்துக்கொண்டு, விமானம் தன் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். வயல், சாலை, மைதானம், ஏன், சிறு புதர்க்காடாக இருந்தாலும் சரி. விமானம் நொறுங்கும். அது நொறுங்கட்டும். காப்பாற்ற வேண்டியது உள்ளே இருப்பவர்களை.

இதற்குப் பின்னால் திடமான கணக்கு இருக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். இருக்கை வார் கட்டிய உடம்பு ஒன்பது மடங்கு ஈர்ப்பு விசையைக் கொஞ்ச நேரம் தாங்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் தரையைத் தொடும் விமானம் அந்த அளவு விசையோடு சீராக நிற்க வேண்டுமானால் அதற்கு மூன்று மீட்டர் தூரம் போதும். 160 கிலோமீட்டரில் தொட்டால் பதினொரு மீட்டருக்கு மேல் வேண்டும். புதர், வேலி, இறக்கை முனை, சக்கரம் எல்லாம் ஒடிந்து ஒடிந்து அந்த மூன்று மீட்டரைக் கொடுத்துவிடும். ஆனால் செங்குத்தாக மூக்குக் குத்தி விழுந்தால் நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் எஞ்சினின் நீளம் அளவுதான். வயலில் வயிற்றால் சறுக்கி, இறக்கை பிய்ந்து, பார்க்கவே பயங்கரமாகக் கிடக்கும் விமானத்திலிருந்து நான்கு பேரும் நடந்து வெளியே வருவதும், அதிகம் சிதையாதது போலத் தெரியும் விமானத்தில் ஒருவரும் பிழைக்காததும் இதனால்தான்.

திரும்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போதிய உயரம் இருந்தால் திரும்பலாம். அந்த உயரம் எவ்வளவு என்பது விமானத்துக்கு விமானம், காற்றுக்குக் காற்று மாறும். 4,000 அடியில் போய், எஞ்சினைக் குறைத்து, நாலு விநாடி சும்மா இருந்து, அப்புறம் திருப்பிப் பார்த்து எத்தனை அடி போகிறது என்று ஒவ்வொரு விமானியும் தன் விமானத்தில் அளந்துகொள்ள வேண்டும். வந்த எண்ணோடு பாதியைக் கூட்டி, அதற்குக் கீழே திரும்புவதில்லை என்று ஓடுபாதையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். மேலே போய் முடிவெடுக்க நேரமில்லை. முழு விமானத்தையும் இறக்கும் பாராசூட் உள்ள சிர்ரஸ் போன்ற விமானங்களுக்கும் இதே விதிதான். அந்தப் பாராசூட் விரிந்து வேலை செய்யவும் சில நூறு அடி உயரம் வேண்டும்.

எஞ்சின் ஏன் சரியாக அந்த நேரத்தில் நிற்கிறது? தற்செயல் என்று தோன்றும். பல சமயம் தற்செயல் இல்லை. புறப்படும்போதுதான் எஞ்சின் முழுச் சக்தியில் ஓடுகிறது. பெட்ரோல் அதிவேகமாகப் பாய்கிறது. டாங்கின் அடியில் கிடந்த தண்ணீரும் தூசியும் அப்போதுதான் குழாய்க்குள் இழுபடும். தண்ணீர் பெட்ரோலை விடக் கனம், அடியில் போய்த் தங்கும். அதனால்தான் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் டாங்கின் அடிவால்விலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம். நூறு எல்எல் என்ற விமானப் பெட்ரோல் இளநீல நிறம். அடியில் நிறமற்ற முத்துப்போல ஒரு குமிழ் உருண்டால் அது தண்ணீர். குவளை முழுவதுமே நிறமற்று ஒரே சீராக இருந்தால் அதைவிடக் கவலைப்பட வேண்டும்: பிடித்தது முழுவதும் தண்ணீராகவோ, வேறு எரிபொருளாகவோ இருக்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். விமானப் பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகிவிடும். ஜெட் எரிபொருள் எண்ணெய் வளையமாக நிற்கும்.

பெட்ரோல் எஞ்சினில் ஜெட் எரிபொருளை ஊற்றிவிடுவது பழைய, கொடூரமான தவறு. குழாயில் மிச்சமிருக்கும் நல்ல பெட்ரோலில் எஞ்சின் கிளம்பும், ஓடுபாதை வரை போகும், சோதனையில் தேறும். எழும்பிய பிறகுதான் தவறான எரிபொருள் வந்து சேரும். அமெரிக்காவின் புகழ்பெற்ற சாகச விமானி பாப் ஹூவருக்கு இது நேர்ந்தது. அவருடைய ஷ்ரைக் கமாண்டர் பெட்ரோல் எஞ்சின் விமானம். ஜெட் எரிபொருளில் ஓடும் அதே குடும்பத்து டர்போபிராப் விமானம் என்று நினைத்து ஓர் இளைஞர் ஜெட் எரிபொருள் நிரப்பிவிட்டார். எழும்பிய சற்று நேரத்தில் இரண்டு எஞ்சினும் போயின. ஹூவர் விமானத்தைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்துப் பள்ளத்தாக்குச் சரிவில் இறக்கினார். மூவரும் பிழைத்தார்கள். நிரப்பிய இளைஞரிடம் அவர் கத்தவில்லை. மறுநாள் தன் இன்னொரு விமானத்துக்கு நீதான் நிரப்ப வேண்டும் என்றார். அதோடு விடாமல், ஜெட் எரிபொருள் குழாயின் வாயை அகலமாக்கினால் அது பெட்ரோல் டாங்கின் சின்னத் துவாரத்துக்குள் நுழையாதே என்ற ஏற்பாட்டுக்காகப் பாடுபட்டார். இன்றும் அந்தக் குழாய் வாய்க்கு அவர் பெயர்தான். ஒரு விபத்துக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பெட்ரோல் வால்வு காலியான டாங்கில் இருப்பது, அரைகுறையாகத் திறந்திருப்பது, ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனி பிடிப்பது, பராமரிப்பு முடிந்த கையோடு ஒரு குழாயின் இணைப்பு இறுகாமல் போவது என்று வேறு காரணங்களும் உண்டு. பெரிய பராமரிப்புக்குப் பிறகான முதல் பறப்பில் பயணிகளை ஏற்றக் கூடாது என்பது என் சொந்தக் கட்டுப்பாடு.

ஆனால் எஞ்சின் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விழும் விமானங்களும் இருக்கின்றன. எடையும் வெயிலும் அங்கே பெரிய பங்கு வகிக்கின்றன. நான்கு இருக்கை என்றால் நான்கு பேர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செஸ்னா 172-இல் காலி எடை போக ஏற்றக்கூடியது ஏறக்குறைய 400 கிலோ. டாங்கை நிரப்பினாலே சுமார் 144 கிலோ போய்விடும். மிச்சம் 250 கிலோ சொச்சம். நன்றாக வளர்ந்த நான்கு பேரும் பைகளும் அதற்குள் அடங்காது. பெட்ரோலைக் குறைக்க வேண்டும், அல்லது ஒருவர் இறங்க வேண்டும்.

வெயிலும் உயரமும் சேர்ந்தால் காற்று மெலியும். கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்திலுள்ள ஓடுபாதையில் 35 டிகிரி வெயில் அடித்தால், விமானத்துக்கு அது 6,000 அடிக்கு மேலே இருப்பது போலத்தான். இறக்கைக்கும் புரொப்பல்லருக்கும் பிடிப்பு குறையும், சாதாரண எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் சக்தியை இழக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. தரைக்கு மிக அருகில், இறக்கையின் நீளத்தை விடக் குறைந்த உயரத்தில், விமானம் இழுவை குறைந்து லேசாக மிதக்கும். ஆகவே எழும்பிவிடும். விமானி ஏறத் தொடங்கியதும் அந்த உதவி விலகிவிடும். ஏறவும் முடியாது, இறங்க ஓடுபாதையும் தீர்ந்திருக்கும், எதிரில் மரம் வரும். கை பின்னால் இழுக்கும். மறுபடியும் ஸ்டால்.

1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷையன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா 177 விழுந்ததில் ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப், அவளுடைய தந்தை, பயிற்றுநர் மூவரும் இறந்தார்கள். ஓடுபாதை 6,000 அடிக்கு மேல் உயரத்தில் இருந்தது, விமானம் அனுமதித்த எடையைச் சுமார் 40 கிலோ தாண்டியிருந்தது, இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினில் குறை எதுவும் விசாரணையில் குறிக்கப்படவில்லை. அந்த வானிலையில் கிளம்பிய முடிவும், வேகத்தைக் காக்கத் தவறியதால் வந்த ஸ்டாலும்தான் காரணம் என்றது விசாரணை. மிக இளைய விமானியாக நாட்டைக் கடக்க அந்தச் சிறுமி கிளம்பிய பயணத்துக்கு அட்டவணை இருந்தது, ஊடகங்கள் காத்திருந்தன. இந்தக் கதையில் என்னை இன்னும் வருத்துவது அந்த அட்டவணைதான். 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸில் பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேர் இறந்த செஸ்னா 402 விபத்திலும் எடை வரம்பைப் பெரிய அளவில் தாண்டியிருந்தது, பாரம் வால்பக்கம் குவிந்திருந்தது. வால் கனத்தால் மூக்கைத் தாழ்த்தவே முடியாமல் போகும்.

இருட்டு இன்னொரு விதம். 1959 பிப்ரவரி 3 அதிகாலை, அயோவாவில் பட்டி ஹாலி முதலிய பாடகர்கள் ஏறிய பீச்கிராஃப்ட் பொனான்ஸா எழும்பிச் சில நிமிடங்களில் வயலில் மோதியது. நிலவில்லை, பனிப்பொழிவு, தரையில் விளக்கில்லை. 21 வயது விமானிக்குக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி இல்லை. வெளியே ஒன்றும் தெரியாதபோது காதின் உட்பகுதி பொய் சொல்லும். வேகம் கூடும்போது மூக்கு மேலே போவதாகத் தோன்றும், அதை நம்பித் தள்ளினால் தரைதான்.

கன்ட்ரோல் பூட்டை மறப்பதையும் சொல்ல வேண்டும். நிறுத்தியிருக்கும்போது காற்றில் அடிபடாமலிருக்க மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரைப் பூட்டி வைப்போம். 1935 அக்டோபர் 30 அன்று ஓஹையோவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் அந்தப் பூட்டை விடுவிக்காமல் எழும்பி, நேராக ஏறி, ஸ்டால் ஆகி விழுந்தது. விமானிகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் சோதனைப் பட்டியல் அதன் பிறகுதான் வழக்கமானது. ஏறக்குறைய எண்பது ஆண்டு கழித்து, 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் ஒரு தனியார் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அதே காரணத்தால் எழும்பவே முடியாமல் ஓடுபாதையைத் தாண்டி எரிந்தது; ஏழு பேரும் இறந்தார்கள். பதிவுக் கருவியைப் பார்த்தபோது, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் கன்ட்ரோல்களை முழுமையாக அசைத்துச் சோதிக்கவில்லை என்று தெரிந்தது. அனுபவம் மிக்க விமானிகள் அவர்கள். தினமும் நடக்கிற வேலையில்தான் இது தேய்ந்துபோகும்.

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டீர்கள். சின்னத் தனியார் விமானங்கள் பெரும்பாலானவற்றில் கறுப்புப் பெட்டி கிடையாது. உடைந்த உலோகத்தைத்தான் படிக்க வேண்டும். விசாரணையாளர்கள் முதலில் மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனி நான்கும் ஒரே இடத்தில் கிடக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கிடந்தால் விமானம் வானத்திலேயே உடையவில்லை. அப்புறம் புரொப்பல்லர். சக்தியோடு சுழன்றபடி மண்ணில் பாய்ந்த இலை, எஸ் வடிவத்தில் முறுக்கிக்கொண்டு, அகலவாக்கில் கீறல்களோடு இருக்கும். சுழலாமல் மோதிய இலை பெரும்பாலும் பின்னால் வளைந்திருக்கும், அல்லது ஒன்றும் ஆகாமல் அப்படியே இருக்கும். கன்ட்ரோல் கம்பியின் அறுந்த முனை துடைப்பக் குச்சி போலப் பிரிந்திருந்தால் மோதலில் இழுபட்டு அறுந்தது. மழுங்கித் தேய்ந்திருந்தால் முன்பே பழுதாகியிருந்தது. கருவியின் முகப்பில் முள் அடித்த தடம், உள்ளே சுழன்றுகொண்டிருந்த கைரோ சக்கரம் தன் உறையில் போட்ட கீறல், பெட்ரோல் வால்வு நின்ற இடம், எல்லாம் சாட்சி சொல்லும். இப்போது ஜிபிஎஸ் பெட்டி, எஞ்சின் அளவிகளின் நினைவட்டை, பயணிகளின் செல்பேசி, பக்கத்துக் கட்டடத்தின் கேமராவில் பதிந்த எஞ்சின் ஒலி ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. அந்த ஒலியிலிருந்தே எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது என்று கணக்கிடுகிறார்கள்.

நேரில் பார்த்தவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி எடுக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரிந்ததும் காதுக்குக் கேட்டதும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. வானத்திலேயே எரிந்தது என்று சொல்லப்படும் விமானங்களில் பல, தரையில் மோதியபின்தான் தீப்பிடித்திருக்கும்.

சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதின்மூன்றாம் இணைப்பு என்ற விதித்தொகுப்பு, இந்த விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே, குற்றம் சுமத்துவது அல்ல என்கிறது. "எஞ்சினா, விமானியா" என்ற உங்கள் கேள்விக்கு அறிக்கையில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும்: எஞ்சின் சக்தி இழந்தது, அதன் பிறகு விமானம் வேகத்தை இழந்தது. முதலாவதை மட்டும் எழுதும் செய்தியும், இரண்டாவதை மட்டும் எழுதி விமானியைத் திட்டும் பின்னூட்டமும் பாதி உண்மைதான். முழு அறிக்கை வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். வரும்போது தேடிப் படியுங்கள்.

கடைசியாக, நண்பரின் விமானத்தில் ஏறலாமா? அவரிடம் கொஞ்சம் கேளுங்கள். நம் எல்லோர் எடையும் பையும் பெட்ரோலும் சேர்த்துக் கணக்குப் போட்டாயா? உன் எடையைக் கேட்காத விமானியோடு ஏறாதே என்பேன் என் சொந்தக்காரர்களிடம். எஞ்சின் புறப்பட்டதும் நின்றால் எங்கே இறக்குவாய் என்று கேளுங்கள். நல்ல விமானிக்கு அந்த ஓடுபாதைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும், கோபப்படாமல் பதில் சொல்வார். கிளம்பும் முன் அவர் குவளையில் பெட்ரோல் பிடித்துப் பார்ப்பதையும், கன்ட்ரோலை நான்கு பக்கமும் முழுசாக அசைத்துப் பார்ப்பதையும் கவனியுங்கள். அவர் அதைச் செய்யும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். ஓடுபாதையிலிருந்து ஆயிரம் அடி ஏறும்வரையும் அப்படியே. உங்கள் இருக்கையில் தோள்பட்டை வார் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இறுக்கமாகக் கட்டிக்கொள்ளுங்கள். இடுப்பு வார் மட்டும் இருந்தால் தலை முன்னால் போய் மோதும். கதவு எப்படித் திறக்கிறது என்று தரையிலேயே ஒரு தடவை திறந்து பழகுங்கள். அவசரமாக இறக்க நேர்ந்தால், தரையைத் தொடும் முன் கதவைச் சற்றே திறந்து வைக்கச் சொல்வார்; சட்டகம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும் என்பதற்காக.

வானிலை சரியில்லை, நாளைக்குப் போகலாம் என்று அவர் சொன்னால், உடனே சரி என்று சொல்லிவிடுங்கள். முகத்தைக்கூடச் சுளிக்காதீர்கள். பயணிகள் ஏமாந்துவிடுவார்களே என்ற தயக்கத்தில் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள்.